நாக்கில்லாத கொக்கி

எங்கள் தெருவில் போர் போடாத கடைசி வீடு எங்களுடையது. சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் அந்தத் தெருவில் ஒவ்வொரு கோடைக்கும் யாராவது ஒருவர் முந்நூறு அடி, நானூறு அடி என்று பூமிக்குள் இறங்கிக்கொண்டே போனார்கள். எங்கள் வீட்டுக் கிணறு மட்டும் முப்பது அடியோடு நின்றுகொண்டு, எப்படியோ எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்பது வயதான வருடம், சித்திரை முடிவதற்குள் அதுவும் கைவிட்டது. எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு பிளாஸ்டிக் பந்தும் கொஞ்சம் சேறும் தெரிந்தன. பந்து என்னுடையது. தொலைந்து இரண்டு வருடமாகியிருந்தது.

அப்பா போர் போட முடிவு செய்தார். அதற்கு வெளியே யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, போர் வண்டியில் ஆபரேட்டராக இருந்தார்.

அதுவரை மாமாவின் வேலையை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. அலுவலக நண்பர்கள் வந்தால் அப்பா, "மச்சான் இன்ஜினியரிங் லைன்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். மாமா அனகாபுத்தூரில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறையில் தங்கியிருந்தார். அவர் வருவதற்கு முன்பே வண்டிப் புகையும் மண்ணும் கலந்த வாசனை வந்துவிடும். எவ்வளவு குளித்தாலும் காது மடிப்பில் வெள்ளையாகக் கல் தூள் இருக்கும். வரும்போதெல்லாம் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றுவார். சுற்றி இறக்கிவிட்டு, "இன்னா பாப்பா, பூமி இன்னும் சுத்துதா?" என்று கேட்பார். அந்தக் கோடையில்தான் அப்பா முதல்முறையாக, "என் மச்சானே வந்து போட்டுத் தர்றான். போர் வண்டியே அவன் கையிலதான்" என்று பக்கத்து வீட்டில் சத்தமாகச் சொன்னதைக் கேட்டேன்.

வண்டி ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தது. அப்பா விடுப்பு எடுத்திருந்தார். வண்டியை உள்ளே விட வசதியாக கேட்டைக் கழற்றி வைத்தார்கள். அம்மா வாசலில் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தாள். படுத்திருந்த இரும்புக் கம்பம் மெல்ல எழுந்து எங்கள் வீட்டு மாடியையும் தாண்டி நின்றபோது, தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

துளை போடுவது பெரிய இயந்திரம். ஆனால் நான் பார்த்துக்கொண்டே இருந்தது பக்கத்தில் இருந்த சின்ன இயந்திரத்தை. துளை ஆழமாக ஆக, இருபது அடி நீள இரும்பு ராடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அவற்றைக் கூட வந்த லாரியிலிருந்து தூக்கி நிறுத்தித் தருவதற்கென்று ஒரு வின்ச் இருந்தது. கம்பத்தின் உச்சியில் ஒரு கப்பி, அதன் வழியாக இறங்கும் எஃகுக் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு கொக்கி. ராடின் தலையில் வளையம் வைத்த மூடி ஒன்றைத் திருகி, வளையத்தில் கொக்கியை மாட்டுவார்கள். மாமா நெம்புகோலை இழுத்தால் அவ்வளவு பெரிய ராடு தூக்கம் கலைந்த பாம்பைப் போல எழுந்து நிற்கும்.

மாட்டுவது சுக்ராவின் வேலை. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர். முப்பது வயதிருக்கும். தூக்கு, இறக்கு, நிறுத்து, மெதுவா, சாப்பாடு என்று அவருக்கு வேண்டிய தமிழ் அவரிடம் இருந்தது. காலையில் தண்ணீர் கேட்டு வந்தவருக்கு நான்தான் சொம்பு எடுத்துப் போனேன். குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, கீறல் விழுந்த திரையில் ஒரு படத்தைக் காட்டினார். முன்பல் இல்லாத ஒரு சின்னப் பெண், அவர் மகளாக இருக்கும், சிரித்துக்கொண்டிருந்தாள். என்னையும் படத்தையும் மாறி மாறிச் சுட்டி, இருவரும் ஒரே உயரம் என்று கையால் காட்டினார்.

வேலை தொடங்குவதற்கு முன் மாமா அந்தக் கொக்கியைக் கையில் பிடித்து அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தார். கொக்கியின் வாயை மூடி வைக்க ஸ்பிரிங் போட்ட ஒரு சின்னத் தகடு இருக்க வேண்டுமாம். அதை நாக்கு என்பார்கள். அது உடைந்து போயிருந்தது. அந்த இடத்தில் கட்டுக்கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள்.

"ஓனரு கைல மூணு வாட்டி சொல்ட்டேன் மாமா. வாங்கித் தரேன், வாங்கித் தரேன்றாரே தவிர வாங்கற மாதிரி தெரில. கயிறு டைட்டா இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆவாது. கொஞ்சம் லூசாச்சுன்னா வளையம் கழண்டுக்கும்."

"பாத்துப் பண்ணு" என்றார் அப்பா. அவருக்கு வேறென்ன சொல்வதென்று தெரிந்திருக்காது. நான் இருவருக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

பதினொரு மணிக்குள் வீடு முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது. எதிர்வீட்டு டீச்சர் தன் துணிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அம்மா பெரிய பாத்திரத்தில் டீ போட்டுவிட்டு, "மாமாவையும் மத்தவங்களையும் டீ குடிக்க வரச் சொல்லு. வண்டிகிட்ட போகாதே, தள்ளி நின்னு கூப்பிடு" என்றாள்.

தள்ளி நின்றுதான் கூப்பிட்டேன். ஒருமுறை, இரண்டுமுறை. இயந்திரச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாமா எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். வலது கை நெம்புகோலில் இருந்தது. கண் மேலே போய்க்கொண்டிருந்த ராடின் மீது இருந்தது. நான் ஓடிப்போய் அவருடைய இடது பக்கச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அதன் பிறகு நடந்ததை இத்தனை வருடமாக எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மாமா திரும்பினாரா? தோள் கொஞ்சம் அசைந்தது. கயிறு ஒரு நொடி தொய்ந்தது. கட்டுக்கம்பி பட்டென்று விட்டது. ராடு முதலில் வண்டியின் ஓரத்தில் மோதி, பிறகு சுக்ரா நின்ற பக்கம் சாய்ந்தது. அவர் மேலே பார்த்துக் கையைத் தூக்கினார், பிடித்துவிடலாம் என்பதைப் போல.

நான் ஓடிவிட்டேன். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, காலி பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தேன். வெளியே இயந்திரம் நின்றது. அது நின்ற பிறகுதான் மற்ற சத்தங்கள் கேட்டன. நிறைய நேரம் கழித்து அம்மா கதவைத் தட்டினாள்.

"எங்கடி இருந்தே? நீ பாத்தியா?"

"இல்ல. டிவி பாத்துட்டு இருந்தேன்."

கரண்ட் காலையிலிருந்தே இல்லை. அம்மாவுக்கு அது நினைவுக்கு வரவில்லை. அல்லது, நினைவுக்கு வந்தும் கேட்கவில்லை.

சுக்ராவை ஆட்டோவில் கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது என்று மதியம் தெரிந்தது.

சாயந்திரம் போலீஸ்காரர் ஒருவர் வந்து முன்னறையில் உட்கார்ந்தார். வண்டி ஓனரும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். வண்டியில் எந்தக் குறையும் இல்லை, ஆபரேட்டர் கவனமில்லாமல் கயிற்றை விட்டிருக்கிறான் என்றார். மாமா சுவரோரமாக நின்றார். அவர் சட்டையில் சுக்ராவின் ரத்தம் காய்ந்திருந்தது. நான் அறைக் கதவுக்குப் பின்னால் இருந்தேன். இப்போது சொல்வார், பாப்பா வந்து இழுத்தாள் என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"கயிறு லூசாச்சு சார். என் கைதான்" என்றார் மாமா. அவ்வளவுதான் சொன்னார்.

போலீஸ்காரர் அப்பாவைக் கேட்டார். கொக்கி எப்படி இருந்தது, யாராவது எதையாவது முன்கூட்டியே சொன்னார்களா?

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார். நான் உள்ள பேப்பர் படிச்சிட்டு இருந்தேன்" என்றார் அப்பா.

மாமா அப்பாவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தெரிந்த முகத்தை எங்கே பார்த்தோம் என்று யோசிப்பவரைப் போலப் பார்த்தார். அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. நான் சொன்ன பொய் மாதிரியே இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மாமாவைக் கூட்டிப் போனார்கள். சில நாட்களில் ஜாமீனில் வந்தார். அவருக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார், ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருத்தம் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு வண்டி வந்து எங்கள் போரை முடித்துக் கொடுத்தது. இருநூற்று எண்பது அடியில் தண்ணீர் பீறிட்டது. நல்ல தண்ணீர். தெருவிலேயே எங்கள் தண்ணீர்தான் உப்பில்லாதது என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் அதைக் குடித்தோம், அதில் குளித்தோம், சமைத்தோம். அம்மா மட்டும் ரொம்ப நாள் வரைக்கும் அந்தக் குழாயைத் திறக்கும்போது வேறு பக்கம் பார்ப்பாள்.

பள்ளி திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் மாமா வந்தார். நான் மாடியிலிருந்து அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. என்னைக் கேட்கத்தான் வந்திருக்கிறார், ஏன் என் சட்டையை இழுத்தாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்கப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"பாப்பா" என்று கீழேயிருந்து கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது முறை, "பாப்பா, மாமா வந்துகிறேன்" என்றார்.

"தூங்குறா போலிருக்கு" என்றாள் அம்மா. காலை பத்து மணி.

அவர் உள்ளே உட்காரவில்லை. பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார். போர் குழாயின் பக்கத்தில், சுக்ரா விழுந்த இடத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். காலில் ஏதோ குத்திவிட்டது, அதைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் காலைப் பார்க்கவேயில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பொட்டலத்தில் பாதுஷா இருந்தது. எனக்குப் பிடிக்கும். நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு மாமா வண்டிப் பக்கமே போகவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். கேஸ் இழுத்து இழுத்து ஒரு வழியாக முடிந்தது. தீபாவளிக்கு வருவார், சில வருடம் வரமாட்டார். அவர் வரும் நாளில் எனக்கு டியூஷன் இருக்கும், தலைவலி இருக்கும், தோழியின் பிறந்தநாள் இருக்கும். எதிரே மாட்டிக்கொண்டால் தரையைப் பார்த்து, "வாங்க மாமா" என்பேன். அவரும், "நல்லா படிக்கிறியா" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தக் கேள்வியைத் தவிர வேறு எதுவும் மிஞ்சவில்லை. தட்டாமாலை சுற்றும் வயது எப்படியும் கடந்துவிட்டது என்று அம்மா நினைத்திருக்கலாம்.

போன தை மாதம் என் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மேடையேற்ற முடியாது. பத்திரிகையை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொன்னபோது அம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள். மின்சார ரயிலில் போனேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. மாமா பனியனோடு நின்று சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு, அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

பத்திரிகையைக் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். தன் பெயர் அச்சாகியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். அப்போது சொன்னேன். பதினைந்து வருடமாக யாரிடமும் சொல்லாததை, நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்கிற பயத்தில், மூச்சுவிடாமல் சொன்னேன். டீ குடிக்கக் கூப்பிட வந்தது, சட்டையை இழுத்தது, டிவி பார்த்தேன் என்று சொன்னது.

மாமா பத்திரிகையை மடியில் வைத்தார்.

"நீ வந்தியா?" என்றார். "எனக்குத் தெரியாதே பாப்பா. அந்தச் சத்தத்துல பின்னால யாரு வந்தாலும் தெரியாது. கையி தானா ஒரு செகண்டு எறங்கிச்சுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

நான் அழுதுகொண்டிருந்தேன்.

"அழுவாத. கொக்கிக்கு நாக்கு இல்ல. நீ இழுத்திருந்தாலும் இழுக்கலன்னாலும் ஒரு நாளு அது யாரு மேலயாவது வுழுந்திருக்கும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் தூக்கினேன் இல்ல?" பத்திரிகையைக் கவரில் போட்டார். மறுபடி வெளியே எடுத்தார். "நான் வேற நெனச்சிட்டேன் பாப்பா. நான் ஒரு ஆளைக் கொன்னதை எங்கேர்ந்தோ நீ கண்ணால பாத்துட்டே, அதான் என்னப் பாத்தா நீ பயந்துக்கினு ஓடறேன்னு நெனச்சிட்டேன். அதான் நானும் கிட்ட வர்றதில்ல."

என் கை பட்டது அவருக்கு உண்மையிலேயே தெரியாதா, அல்லது எனக்காக அப்படிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை. கல்யாணத்துக்கு வந்தார். என் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போனார். அவர் கை வியர்த்திருந்தது. அப்பா பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

அன்று மாடியில் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு, வந்திருப்பவர் தன் மீது கோபமாக இருக்கிறார் என்பதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. பெரியவர்கள் ஒரு வீட்டு வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுவது திட்டுவதற்குத்தான் என்று நினைத்தேன். தன்னைப் பார்த்து விலகிப் போகாத ஒரே ஒரு முகம் கிடைத்தால் போதும் என்று வளர்ந்த மனிதர் ஒருவரும் வந்து நிற்கக்கூடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.