போனில் சாப்பிட்ட சோறு

நைனாவுக்குப் பக்கவாதம் வந்த மூன்றாம் மாதம் திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வலது காலும் கையும் விழுந்து, கால் மட்டும் ஓரளவு திரும்பியிருந்தது. வீட்டில் அப்பாவும் மகளுமாக நாங்கள் இரண்டே பேர். எனக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை, லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. பகலில் அவரைத் தனியாக விடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால்தான் வேலை நிலைக்கும். இல்லையென்றால் ராஜினாமா.

நர்ஸம்மா தெலுங்கில் கேட்டார். நடக்கிறீர்களா, பாத்ரூமுக்குத் தனியாகப் போகிறீர்களா, உங்கள் கையாலேயே சாப்பிடுகிறீர்களா. எல்லாவற்றுக்கும் நைனா கணீரென்று ஆமாம் போட்டார். வாதம் அந்த வாய்க்குப் பயந்து ஒதுங்கிப்போனது என்று நான் கிண்டல் செய்வதுண்டு. பெரிய சிரமம் ஒன்றுமில்லை, தனியாக இருக்கலாம் என்றார்கள்.

மறுநாளே கம்பெனி பஸ் ஏறினேன். காலையும் ராத்திரியும் நான்தான் ஊட்டுவேன். இடது கை இருக்க, செல்லத்துக்குத்தான் ஊட்டச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானச் சோற்றை மூடிவைத்துவிட்டுப் போவேன். சாயந்திரம் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். ஆனால் அவர் சட்டை மட்டும் நாளுக்கு நாள் தொளதொளத்துக்கொண்டே போனது.

அடுத்த முறை நேரில் வரச் சொன்னார்கள். டாக்டரம்மா முன்னால் நைனா நடந்து காட்டினார். இடது கையால் பொத்தானெல்லாம் போட்டுக் காட்டினார். கடைசியில் டாக்டரம்மா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்து, சாப்பிடுங்கள் என்றார். பசியில்லை என்றார் நைனா. விடியுமுன் பஸ் ஏறியதில் காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை; கண்ணோ பிஸ்கட்டை விட்டு நகரவில்லை. என்னை ஊட்டச் சொன்னார் டாக்டரம்மா. ஊட்டினேன். பாக்கெட்டே காலியானது.

மத்தியானம் யார் ஊட்டுகிறார்கள் என்று டாக்டரம்மா கேட்டதும் நான் நைனா பக்கம் திரும்பினேன்.

"நான் வச்சிட்டுப் போன சோறு எங்க நைனா?"

தெரு நாய்க்குப் போட்டாராம். எனக்கு வந்ததே கோபம்! இடது கை நன்றாகத்தானே இருக்கிறது என்று டாக்டரம்மா எதிரிலேயே கத்தினேன்.

"பீச்சாங்கைம்மா அது. கழுவுற கையால சோறு துன்னச் சொல்றியா?"

"அப்ப போன்ல எதுக்குப் பொய் சொன்ன?"

"நெசத்தச் சொன்னா வேலைய உட்டுட்டு என்கூடவே குந்திக்கினு இருப்ப."

இடது கையால் சாப்பிட்டால் தனியாக விடலாம், இல்லாவிட்டால் கூடாது என்று டாக்டரம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

கேன்டீனில் இரண்டு தட்டு இட்லி வாங்கினேன். ஒன்றை அவர் முன்னால் வைத்தேன். என் வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் பிட்டு வாயில் வைத்தேன். எதிர் மேஜைக்காரர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும். சாம்பார் துப்பட்டாவெல்லாம் வழிந்தது. இத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கிறாரே என்று அழுதுகொண்டே தின்றேன். நைனா என் துப்பட்டாவைப் பார்த்தார்.

"சிந்தாம துன்னும்மா" என்றார். அப்புறம் அவருடைய இடது கை மெல்லத் தட்டுக்கு வந்தது.