மே மாதத்தில் வரும் விரிசல்

ஹால் சுவரில் பதித்திருந்த கண்ணாடி, நான் தலை வாரிக்கொண்டிருக்கும்போதே உடைந்தது. யாரும் தொடவில்லை. மேலிருந்து அடிவரை ஒரே கோடு. என் முகம் இரண்டாகி, ஒரு பாதி கொஞ்சம் கீழே நின்றது. பயம் வருவதற்குள் யோசனை வந்துவிட்டது: இதுதான் சாட்சி.

தொண்ணூறுகளில் ஒரு மே மாதம் அது. கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீடு ஏரியோரத்துக் களிமண்ணில் நின்றது. மழைக்கு அந்த மண் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அது தெரிந்தும் அஸ்திவாரத்தை ஆழமாகப் போடவில்லை என்று, கட்டிக் கொடுத்தவர் மேல் அப்பா நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தார்.

கோடையில் வீட்டுக்குள் யாரோ சோம்பல் முறிப்பது போலச் சத்தம் கேட்கும். சாத்திய கதவு தானாகத் திறந்துகொள்ளும். படுக்கையறை மூலையில் என் விரல் நுழைகிற விரிசல். அதற்குள்ளிருந்து ஈர மண் வாசனை வரும். மழை பிடித்ததும் எல்லாம் மூடிக்கொள்ளும். ஒரு மயிர்க்கோடு மிஞ்சும். நாங்கள்தான் ஏதோ கனவு கண்டோம் என்று தோன்றும்.

மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை. வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுக்க கோர்ட் அனுப்பிய வக்கீல் கமிஷனர், அதற்கு முந்தைய கார்த்திகையில்தான் வந்தார்.

"இங்கதான் சார் இருந்துது" என்று அப்பா சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். கோடையில் எடுத்த போட்டோவை நீட்டினார்.

"இது உங்க வீடுதான்னு சுவத்துல எழுதியிருக்கா?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். "வெயிலுக்கு மட்டும் வருதுன்னா அது வேர்க்குரு சார். பவுடர் போடுங்க, போயிடும்."

கமிஷனர் சிரித்துவிட்டார். மரியாதைக்கு அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னை விடவே இல்லை.

நான் அப்போது சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்தால், சுவர் அசையும்போது அது உடைந்து காட்டிக்கொடுக்கும் என்று வகுப்பில் கேட்டிருந்தேன். பாதி முகத்தோடு நின்றபோதுதான் அது உறைத்தது. கமிஷனர் கண் முன்னால் ஒட்டி, அவர் கையெழுத்தையும் வாங்கிவிட்டால்?

எங்கள் வக்கீல் யோசித்தார். "கேட்டுப் பாக்கலாம்மா. ஆனா இதுதான் கடைசி. இதுலயும் ஒண்ணும் தெரியலன்னா கேஸ் நிக்காது."

மனு ஏறி இறங்கி, மறுபடியும் மழைக்காலத்தில்தான் தேதி கிடைத்தது. இந்த முறை எனக்கு வேண்டியதும் அதுதான். மூடியிருக்கும்போது ஒட்டினால்தான், கோடையில் விரிசல் திறக்கும்போது உடையும்.

மெல்லிய கண்ணாடித் துண்டுகளைக் கடையில் வெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, சொவுத்துக்கு மூக்குக்கண்ணாடியா?"

"ஆமாண்ணா. அதுக்குக் கண்ணு தெரியல."

அம்மா சிரிக்கவில்லை. உடைந்த கண்ணாடியை மே மாதமே பெயர்த்து எறியச் சொன்னவள் அவள்.

"வீட்டுல கண்ணாடி உடையக் கூடாதும்பாங்க. நீ உடையணும்னே ஒட்டப் போறியாடி?"

"உடைஞ்சாதாம்மா ஜெயிப்போம்."

"உடையலன்னா?"

"தோத்துட்டோம். சுவர் அசையலன்னு அர்த்தம்."

"அப்ப நிம்மதியாத் தூங்கலாம் இல்ல?"

பக்கத்து அறையில் கதவு மெல்லத் திறக்கும் சத்தம் கேட்டது. மழைக்காலத்தில் அது திறந்ததே இல்லை. இரண்டு பேரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா, தான் படுக்கும் கட்டிலை, விரிசல் வரும் படுக்கையறை மூலையிலிருந்து தானே இழுத்து நகர்த்தினாள். "சாமி படத்துக்குப் பக்கத்துல மட்டும் ஒட்ட வேணாம்" என்றாள்.

மறுநாள் காலை கமிஷனர் வருகிறார். அம்மாவின் தலைமாடு இருந்த இடத்தில், அந்த மயிர்க்கோட்டுக்குக் குறுக்கே முதல் துண்டை வைத்து, இரு முனைகளையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து அப்ப வேண்டும். அதன் மேல் அவர் கையெழுத்து. பிறகு ஏப்ரல் கடைசியில், கோர்ட் கதவு சாத்துவதற்குள், அவரை இன்னொரு முறை இந்த அறைக்கு அழைத்து வர வேண்டும்.