தண்டவாளத்தில் கொட்டமுத்து

கல்யாணமான மூன்றாம் மாதமே சரக்கு ரயிலை நிறுத்தியவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

வடகரப்பதியில் என் பிறந்த வீட்டில் கொட்டமுத்து காய்ந்ததும் பஸ் ரோட்டில் பரப்பிவிடுவோம். கொட்டமுத்து என்றால் ஆமணக்கு. கொழிஞ்சாம்பாறை பஸ் நாலு தடவை ஏறி இறங்கினால் தோல் உடைந்து முத்து தனியே வந்துவிடும். தடியால் அடிக்கிற வேலை மிச்சம். வாழ்க்கைப்பட்ட ஊரில் பக்கத்தில் ரோடு கிடையாது. தோட்டத்தை ஒட்டி ரயில் பாதைதான். இப்போது கரன்ட் ரயில் ஓடுகிற அந்த ஏற்றத்தில், அன்றைக்கு நிலக்கரி எஞ்சின் சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி வரும். பஸ்ஸை விட ரயில் பெரியது, வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்து, இரண்டு தண்டவாளத்தின் மேலும் காய்களை நீளமாக வைத்தேன்.

ரப்பர் சக்கரம் தோலை உடைக்கும், இரும்புச் சக்கரம் முத்தையே நசுக்கி எண்ணெய் எடுத்துவிடும் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. எஞ்சின் வந்தது. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழன்றன. டிரைவர் கரி அப்பிய முகத்தோடு இறங்கி, தண்டவாளத்தைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

“யார் பண்ணுன வேலை இது? ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தா போலீஸ் வரும், தெரியுமா?”

இன்றோடு பெட்டி கட்டிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். சத்தம் கேட்டு மாமனார் வந்தார். மருமகளிடம் நேரில் பேசும் வழக்கம் இல்லாதவர். அந்த மூன்று மாதத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊரில் யாருக்கும் தலை குனிந்தவரும் இல்லை. என் கையிலிருந்த காலிக் கூடையைப் பார்த்தார். அதை வாங்கிக்கொண்டார்.

“நான்தானுங்க போட்டேன். தெரியாம பண்ணிப்போட்டேனுங்க.”

“இந்த வயசுல இது உங்களுக்கே நல்லாருக்குங்களா?”

டிரைவர் ஏகத்துக்குத் திட்டினார். மாமனார் குனிந்து, தோள்துண்டால் எண்ணெயைத் துடைத்தார். அதே கூடையில் வாய்க்கால் மணலை அள்ளி வந்து தூவினார். எஞ்சின் கொஞ்சம் பின்னால் போய், மறுபடி ஏறிப் போனது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

என்ன ஆச்சு என்று மாமியார் ஓடிவந்தபோது, “ஒண்ணுமில்ல, எஞ்சினுக்கு மூச்சு முட்டிப்போச்சு” என்றார் மாமனார். பிறகு முதன்முறையாக என் பக்கம் திரும்பினார்.

“அம்மணி, அடுத்த வாட்டி எங்கிட்டச் சொல்லு. வண்டி கட்டித் தாரேன், பஸ் ரோட்டுக்கே கொண்டுபோயிரலாம்.”

அந்த வீட்டில் எனக்குப் பயம் விட்டுப்போனது அன்றைக்குத்தான்.