எடுக்காத கோல்

என் கணவர் கல்முனையிலிருந்து கொழும்புக்கு அரிசி லொறி ஓட்டுகிறவர். அவர் புறப்பட்டதுமே எனக்குக் கலக்கம் தொடங்கிவிடும். லொறி புரண்டிருக்குமோ, பிரேக் பிடிக்காமல் போயிருக்குமோ என்று மனம் தாவும். போனில் கோல் எடுத்து அவர் குரலைக் கேட்டால் ஆறும். உடனே பிள்ளைகளைப் பற்றிய பயம் வரும். நெஞ்சுப் படபடப்புக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இதயத்தில் குறையில்லை என்று சொல்லி டொக்டர் என்னை உளவளத்துணையாளரான ஒரு பெண்ணிடம் அனுப்பினார்.

சில சந்திப்புகளுக்குப் பிறகு அவர் சொன்னார்: “அடுத்த பயணத்தில நீங்களா கோல் எடுக்காம இருந்து பாருங்க. பயம் ஏறும். ஏறினது தானா இறங்குதா எண்டு மட்டும் பாருங்க.”

“அதுக்குள்ள அவருக்கு ஏதும் நடந்தா, மிஸ்?”

“நீங்க கோல் எடுக்கிறதாலயா இவ்வளவு காலமும் லொறி ஓடினது?”

எனக்கே சிரிப்பு வந்தது.

அந்தப் பயணத்தன்று போனை அலுமாரிக்குள் வைத்துவிட்டு மீன் கழுவ உட்கார்ந்தேன். எழுந்து அலுமாரிக்கு ஓடவேண்டும் போலிருந்தது. எழும்பவில்லை. கறி கொதித்து, அஸர் தொழுது முடித்தபோதுதான், லொறியை நினைக்காமலே கொஞ்ச நேரம் போயிருப்பது தெரிந்தது.

அப்போது போன் அடித்தது. என் கணவர்தான்.

“என்ன புள்ள, இண்டைக்கு ஒரு கோலையும் காணல்ல? சுகமில்லையா?” என்று பதறினார்.

“நல்லா இரிக்கன். லொறிய நிப்பாட்டிட்டுத்தானே கதைக்கிறீங்க?”

“ஓம், ஓம். தேத்தண்ணிக் கடையடியில.”

அவர் வீடு வந்து சேரும்வரை நான் கோல் எடுக்கவில்லை.