புனிதா அக்காவின் எட்டுப் பேர்

லண்டனில் மிட்சம் என்ற பகுதியில், ஒரு மூலைக்கடையில் கல்லாவில் நிற்கிறவர் புனிதா அக்கா. பால் வாங்க வருகிறவர்கள் தங்கள் சண்டைகளை அங்கே இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள். பதினாறு வருடம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், நாற்பத்தெட்டு வயதில் ஒரு கதிரையோடும் ஒரு சால்வையோடும் மேடை ஏறினார். ஓராள் நாடகம். சால்வை தோளில் விழுந்தால் கோயில் தலைவர் கணேஸ்வரன். தலையில் ஏறினால் பார்க்கிங் அபராத டிக்கெற்றுக்காகத் தெருவையே கூட்டிச் சண்டை பிடிக்கும் மாமி. ஒரு மணி நேரத்தில் எட்டுப் பேர்.

மேடை வெளிச்சம் என் பொறுப்பு. ஏன் என்று அவரே சொன்னார்.

"கிருஷாந், நீ வாய் திறக்கமாட்டாய். ஆனா எல்லாரையும் பாத்துக்கொண்டிருப்பாய். அப்பிடி ஒரு ஆள்தான் எனக்கு வேணும்."

பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை சிக்கல் எட்டாவது ஆள். அது குலசேகரம் அண்ணை. எங்கள் சங்கத் தலைவர். மண்டபத்தின் சாவி அவரிடம். இரண்டு தரம் தோற்ற பிறகும் கவுன்சில் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். அவர் கோபித்தால் மண்டபம் இல்லை. மண்டபம் இல்லாவிட்டால் புனிதா அக்காவுக்கு வேறு மேடை கிடையாது.

"முன்வரிசையில இருப்பார். முகம் இறுகினா லைற்றை ரெண்டு தரம் குறை. நான் அவரை விட்டிட்டு முடிக்கிறன்."

முகத்தை வாசிப்பது எனக்கு ஒரு வேலையா? நவீன கவிதை வாசிக்கிறவன் நான். மூன்று வரிக் கவிதையில், எழுதப்படாத நாலாவது வரிக்கு அரைநாள் அர்த்தம் தேடியிருக்கிறேன்.

நாடகம் தொடங்கியது. தன்னையே மேடையில் கண்ட கணேஸ்வரன் குனிந்து குனிந்து சிரித்தார். குலசேகரம் அண்ணை சிரிக்கவில்லை. கைகளைக் கட்டியிருந்தார். ஏழாவது ஆள் வந்தபோது தாடை இறுகிவிட்டது. அந்த மௌனத்தில் அவமானம், அதிகாரம், புலம்பெயர்ந்தவனின் தனிமை எல்லாவற்றையும் கண்டேன். வெளிச்சத்தை இரண்டு தரம் குறைத்தேன். புனிதா அக்கா ஏழு பேரோடு கும்பிட்டு முடித்தார்.

சனம் கோட்டுகளை மாட்டிக்கொண்டு எழும்ப, குலசேகரம் அண்ணை நேரே மேடையடிக்கு வந்தார்.

"மேடையில கணேஸ்வரன் வந்தவன். ஐயர் வந்தவர். மீன்கடைக்காரன்கூட வந்தவன். நான் எங்கை, பிள்ளை?"

புனிதா அக்கா என்னைப் பார்த்தார். நான் லைற் பொத்தான்களைப் பார்த்தேன்.

"தேர்தலுக்கு மூண்டு கிழமை. நக்கலடிக்கவும் பெறுமதி இல்லாத ஆள் எண்டு சனம் நினைக்காதோ? இனி மண்டபம் கேட்டு வராதையும்."

"உங்கட முகம் இறுகியிருந்தது..." என்றேன். நாலு பேர் நடுவில் நான் பேசிய முதல் வசனம் இதுதான்.

"பயம், தம்பி. என்னத்தைச் செய்து காட்டப்போறாவோ எண்டு மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

புனிதா அக்கா கதிரையை மறுபடி இழுத்துப் போட்டார். "இருங்கோ அண்ணை." சால்வையைக் கழுத்தில் சுற்றினார்; மேடைக் குலசேகரம் அண்ணை வோட்டுக் கேட்கப் புறப்பட்டார். ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. பேர் சொல்வதற்கு முன் மூன்று தரம் செருமினார். மூன்றாவது செருமலில் கதவு சாத்தப்பட்டது. சாத்திய கதவுக்கே முழுப் பேச்சையும் பேசி, துண்டுப்பிரசுரம் கொடுத்து, நன்றியும் சொன்னார். வாசலுக்குப் போன சனம் திரும்பி வந்து விழுந்து விழுந்து சிரித்தது.

"நான் அப்பிடிச் செருமிறேல்லை."

"அப்பிடித்தான் செருமிறனீங்கள்," என்றார் அவருடைய மனைவி சந்திரவதனா, போனில் பதிவு செய்துகொண்டே.

குலசேகரம் அண்ணையின் தாடை மறுபடி இறுகியது. இந்தத் தடவை அதை நான் வாசிக்கப் போகவில்லை.

"கணேஸ்வரனுக்கு எத்தினை நிமிசம்?"

"ஏழு."

"எனக்கு எட்டு. ஓகஸ்ட் கடைசிச் சனி மண்டபம் சும்மாதான் கிடக்கு."

"தேர்தல்ல வென்றாலும் எட்டோ, அண்ணை?" என்று கேட்டார் புனிதா அக்கா.

"வென்றா பத்து."