எலுமிச்சம்பழத்தை நறுக்கணும், பாதத்தை நறுக்கக் கூடாது

போர் ஓய்ந்துபோன நாட்டில் கதாயுதமும் அரிவாளும் செய்து பிழைப்பவனுக்கு எதிரிகள் கிடையாது. வாடிக்கையாளர்கள் மட்டும்தான் உண்டு. கேட்டதையே செய்து கொடுத்துவிட்டு, "இதையா கேட்டேன்?" என்ற கேள்விக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்ற தையல்காரர்களும் தச்சர்களும் சமையல்காரர்களும் என் கதையைச் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள்.

மூன்று விரல்

எழுபதுகளில் தேனியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். ஒரு மத்தியானம் துளை போடும் மெஷினில் சட்டைக் கை சிக்கியது. ஓடி வந்து மெஷினை நிறுத்துவதற்குள் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன. காயம் ஆறியதும் வேலைக்குத் திரும்பினேன். முதலாளி நல்ல மனிதர். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். மெஷின் பக்கம் மட்டும் விடவில்லை. என் கையைப் பார்த்தால் தனக்குத்தான் உதறல் எடுக்கிறது என்றார்.

மிச்சமிருந்த விரல்கள் விறைத்துப்போகாமல் இருக்க, எதையாவது பிடித்துப் பழகச் சொன்னார் டாக்டர். நான் உளியைப் பிடித்தேன். மூன்று விரல் உளியை நடத்தும். இடது கை கொட்டாப்புளியால் தட்டும். அப்படி முதலில் உருவானது தெருக்கோடி அனுமாருக்கு ஒரு கதாயுதம். அதைப் பார்த்துவிட்டு அரிவாளும் வாளும் கேட்டு ஆட்கள் வந்தார்கள். லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடிப்பது பக்கத்துத் தெரு முத்தாசாரி. அராவுவதும் தீட்டுவதும் பிடி போடுவதும் நான். என் மனைவி செல்லத்தின் அண்ணனுக்கு இதில் நம்பிக்கை இல்லை. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் எனக்குக் காவல் வேலை பேசி வைத்திருந்தார். எனக்கோ குளிரும் ஆகாது, சும்மா உட்காரவும் வராது. மச்சான் தவணை கொடுத்தார்: "ஆடி முடியிற வரைக்கும் பாக்குறேன் மாப்ளே. அதுக்குள்ள ஊரு ஒங்க கையை நம்பலைன்னா, கம்பளியை எடுத்துக்கிட்டு மலையேறிருங்க."

பீமனின் புகார்

போடி பஜாரில் ஒரு நாடகக் குழு பீமனுக்குக் கதாயுதம் கேட்டது. நாடகத்துக்கென்றால் கல்யாண முருங்கை மரம் போதும். பஞ்சுபோல லேசாக இருக்கும். அப்போது எனக்கு அது தெரியாது. கதாயுதம் என்றால் போரில் நிற்க வேண்டாமா என்று கருவேல மரத்தில் கடைந்து, கழுத்துக்கு இரும்பு வளையமும் போட்டுக் கொடுத்தேன். பீமனாக நடிப்பவர் அரிசிக்கடைக்காரர் என்றார்கள். மூட்டை தூக்கும் ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கல்லாவில் உட்காருபவர் என்பதை யாரும் சொல்லவில்லை.

நாடகம் முடிந்த மறுநாள் பீமன் தோளில் தைலம் மணக்க வந்து சேர்ந்தார். பின்னாலேயே ஒரு சைக்கிளில் கதாயுதம் வந்தது. நாடகம் எப்படி என்று கேட்டேன். "சனம் நல்லாத்தான் கைதட்டுச்சுண்ணே. துரியோதனன் எந்திரிச்சு வந்து எனக்குக் கதாயுதத்தை ஒரு கை புடிச்சுத் தூக்கிவிட்டான் பாருங்க, அந்த எடத்துல."

திரும்பி வரும் வளரி

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவருக்குக் கிளித் தொல்லை. வீசினால் திரும்பிவரும் வளரி ஒன்று வேண்டும் என்றார். பிறை நிலா மாதிரி வளைந்த வேட்டைத் தடி அது. எல்லா வளரியும் திரும்பாது, அது வீசுகிற கையைப் பொறுத்தது என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, திரும்பி வரும் என்றே நம்பி ஒன்று எடுத்துப்போனார்.

பத்து நாள் கழித்து அவரைச் சந்தையில் பார்த்தேன். ஒளிய இடமில்லை. திரும்பி வந்ததா என்று நானே போய் விசாரித்தேன். "வந்துச்சே. பக்கத்துத் தோட்டத்துக்காரக கொண்டாந்து குடுத்தாக. அவுக மொகம்தான் நல்லா இல்ல."

இரண்டு கட்டளை

ஆடி பிறந்தது. அதுவரை என் பெயரைச் சொல்லும்படி ஒரு வேலையும் அமையவில்லை. அந்த நேரத்தில் தேவாரம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து கோயில் தலைவர் வந்தார். அவர்கள் ஊர்க் கொடைத் திருவிழாவில் கருப்பசாமி இறங்கியதும், இரண்டு பேர் அரிவாளைக் கூர் மேலாகப் பிடித்துக்கொள்ள, சாமியாடி அதன்மேல் ஏறி நின்று குறி சொல்லுவார். பழைய அரிவாளில் விரிசல் விட்டிருந்தது. ஏறுவதற்கு முன் ஊர் முன்னிலையில் புது அரிவாளால் ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் காட்ட வேண்டும். பழம் நசுங்கினால் அரிவாள் செல்லாது என்றார் தலைவர். என் கையை ஒரு தரம் பார்த்துவிட்டு, முத்தாசாரிக்காகத்தான் இந்த வேலையைக் கொடுப்பதாகவும் சொன்னார்.

முத்தாசாரி அரிவாளை அடித்துக் கொடுத்த மறுநாள் காலையில், முன்பின் தெரியாத ஓர் அம்மாள் வந்தார். சாமியாடியின் மனைவியாம். அரிவாளைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சாமி காப்பாத்தும்ணே, அதுல எனக்குச் சந்தேகமில்ல. நீங்களும் கொஞ்சம் காப்பாத்துங்க. அவுகளுக்குச் சக்கரை வியாதி, கால்ல புண்ணு வந்தா ஆறாது. நான் வந்தேன்னு மட்டும் அவுககிட்டச் சொல்லிராதீக."

செங்கல் சோதனை

இரண்டு நாள் யோசித்தேன். நுனிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குச் சவரக்கத்தி போலத் தீட்டினேன். பழத்தை அங்கே நறுக்கட்டும். நடுவில் பாதம் பதியும் ஒன்றரைச் சாணுக்கு விளிம்பை உருட்டி அராவி, உப்புத்தாள் போட்டு, மற்ற இடத்துக்குச் சமமாகப் பளபளக்க வைத்தேன். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, விரலுக்குத் தெரியும். மூன்று விரலுக்கும் நன்றாகவே தெரிந்தது.

என் கவலை வேறு. பிடியில் மூன்று ஆணி அறைந்தவன் நான். இடது கையால் அறைந்தது. ஆள் ஏறும்போது பிடி கழன்றால் அவர் கீழே விழுவார், நான் மலைக்குப் போவேன். கொல்லைப்புறத்தில் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, அரிவாளைப் பொருத்தி, வெறுங்காலோடு ஏறினேன். பட்டை அசையவில்லை, பிடியும் அசையவில்லை. அங்கிருந்து இறங்குவதற்குள் செல்லம் வந்துவிட்டாள். "விரலைத்தான் மெசினுக்குக் குடுத்தாச்சு. காலைக் கருப்பனுக்குக் குடுக்கப் போறீகளா?"

ஏறிய நாள்

கொடையன்று நானும் முத்தாசாரியும் கூட்டத்தில் நின்றோம். மச்சானும் வந்திருந்தார். தலைவர் அரிவாளை எடுத்தார். பழம் இரண்டாகி விழுந்தது. குலவை எழுந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ என் கையைச் சுட்டிக்காட்டி, "இவரா பிடி போட்டது?" என்று கேட்டுவிட்டார். தலைவர் தயங்கினார். இந்த வருஷம் பழைய அரிவாளையே வைத்துக்கொள்ளலாமா என்றார்.

சாமியாடிக்கு இன்னும் அருள் வரவில்லை. நிதானமாகத் தலைவரைக் கேட்டார்: "ஏறப் போறது நானா, நீங்களா?" அதற்குமேல் மேளம் பேசியது. இரண்டு பேர் அரிவாளைத் தாங்கினார்கள், நுனியில் மடித்த துண்டோடு. அவர் ஏறி நின்று நாலு வீட்டுக்குக் குறி சொல்லி முடிக்கிற வரை நான் பிடியில் இருந்த மூன்று ஆணிகளையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவர் இறங்கியதும் மச்சான் என் தோளைத் தட்டி, மலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அங்கேயே இரண்டு ஊர்க்காரர்கள் தங்கள் கோயிலுக்கும் அரிவாள் கேட்டார்கள்.

கூட்டம் கலைந்தபின் சாமியாடி சோடாவைக் குடித்துக்கொண்டே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஒரு கீறல் இல்லை. "எங்க வீட்டு ஆளு ஒங்ககிட்ட வந்துருக்கணுமே. நான் கண்டுக்கிட்டேன்னு அவகிட்டச் சொல்லிராதீக."

ஆக, ஆயுதத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: கூர் வைக்க மூன்று விரல் போதும், எங்கே கூர் வைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள வாடிக்கையாளரின் மனைவி வேண்டும்.