படுத்தால் மறையும் கட்டி

எழுபதுகளின் கடைசியில், மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகுதான் அது வந்தது. தொப்புளுக்குக் கீழே, எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. அப்போது மலேசியாவில் தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன்; பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. வெட்டி முடித்து, இரண்டு வாளிப் பாலையும் தோள் கம்பில் மாட்டி நிமிர்ந்தால் கட்டி எழும்பும். வீட்டுக்கு வந்து சற்றுப் படுத்தால் இருந்த இடம் தெரியாது.

என் அம்மா வயிற்றுக் கட்டியில்தான் போய்ச் சேர்ந்தாள். அதனால் எனக்கு உள்ளூரப் பயம். கேட்டவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: வாயு, பூச்சி, பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் புகுந்தது, யாரோ செய்து வைத்தது. எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்தாயிற்று. விளக்கெண்ணெய் குடித்தே நாக்கு செத்துப்போனது.

தோட்டத்து மருந்தகத்தில் டாக்டர் கிடையாது, மருந்து கொடுக்கும் டிரசர்தான்; அவர் நோயாளிகளைப் பார்ப்பது காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடுவதற்கு முன்னால் மட்டும். ராத்திரி படுத்து எழுந்த வயிறு. பெஞ்சில் வேறு படுக்கச் சொல்லி அமுக்கிப் பார்ப்பார்.

"ஒண்ணும் இல்லலா. வேலைக்குப் போ."

மூன்றாம் முறை போனபோது கங்காணி சிரித்தார். வீட்டுக்காரரும், "சும்மா சும்மா அங்க போய் நிக்காத, மானம் போவுது" என்றார். அந்தக் கட்டிக்கே என்மேல் பகையோ என்று எரிச்சலாக வந்தது. நான்கு வருடம் இப்படியே ஓடியது.

ஒருநாள் பால் கொட்டகையில் வாளியை இறக்கிய பிறகும் கட்டி உள்ளே போகவில்லை. வலி பிடுங்கியது. வீட்டுக்குப் போகாமல், குளிக்காமல், பால் வாடையோடு நேரே டிரசர் முன்னால் போய் நின்றேன்.

"இப்பப் பாருங்க. படுக்க மாட்டேன்."

தொட்டார். முகம் மாறியது. "குடல் இறங்கியிருக்கு. ஏன் முன்னயே நின்னு காட்டல?"

"நீங்கதானே படுக்கச் சொன்னீங்க?"

அதற்குமேல் சண்டை போடத் தெம்பில்லை.

தோட்டத்து லோரியில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் தாதி வேலை பார்க்கும் ஒரு தமிழ் மிஸ்ஸி வந்து விவரம் எழுதினாள். இது அம்மாவுக்கு வந்தது மாதிரி இல்லை, வயிற்றுச் சதை தளர்ந்து குடல் பிதுங்குவது, தைத்துவிடுவார்கள் என்றாள்.

"இத்தனை வருஷம் கட்டி வந்தா என்னக்கா செய்வீங்க?"

"கையால உள்ள தள்ளிட்டு வாளியத் தூக்குவேன்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "ரொம்ப வலிச்சிருக்குமே" என்றாள்.

நான்கு வருடத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை. கங்காணி சிரித்தபோதுகூட வராத அழுகை அப்போது வந்தது. நிறுத்தவே முடியவில்லை.